பிடி ஒருத்தர் பேர்ல, உழைப்பு ஏழு பேரோடது: கபடி 'கவர்' ஆட்டக்காரரின் கதை

1/
போன பொங்கல் வாரம், நைட் டியூட்டி. மணி பதினொண்ணு இருக்கும். கீழ்பென்னாத்தூர் பக்கத்துல ஒரு ஊர்ல லைட் போட்டு கபடி டோர்னமெண்ட். அங்கிருந்து பைக்ல நடுவுல உட்கார வெச்சு ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. உடம்பெல்லாம் மண். வலது கையை இடது கையால தாங்கிப் பிடிச்சிருந்தான்.

பார்த்ததுமே தெரிஞ்சது. தோளோட உருண்டை வடிவம் போய், ஓரம் தட்டையா இருந்தது. தோள் மூட்டு விலகியிருக்கு.

2/
"எப்படிப்பா ஆச்சு?"

"நான் கவர் சார். கார்னர் உள்ள வரல. நான் தனியாப் போயிட்டேன்."

எக்ஸ்ரே எடுத்து, வலிக்கு மருந்து கொடுத்து, மூட்டை உள்ளே ஏத்தி, ஸ்லிங் போட்டு அனுப்பினோம். ஆனா அவன் சொன்ன அந்த மூணு வாக்கியம் மனசுல நின்னுடுச்சு. கபடியில் பிடியோட மொத்த வரலாறும் அதுக்குள்ள இருக்கு. அதைத்தான் இந்த இழையில் எழுதப் போறேன். கொஞ்சம் நீளம். பொறுமையா வாங்க.

3/
முதல்ல ஒரு கேள்வி. நீங்க பார்த்த கபடிப் படத்துல ஹீரோ யாரு?

கில்லி (2004), வெண்ணிலா கபடிக் குழு (2009), மணத்தி கணேசன் வாழ்க்கையைத் தழுவி வந்த பைசன் (2025). எல்லாத்துலயும் நமக்கு ஞாபகம் இருக்கிறது ஹீரோ பாடிப் போற காட்சிதான். எதிரணி ஏழு பேரும் அவரைச் சுத்தி நிப்பாங்க. அவங்க யாருன்னு நமக்குத் தெரியாது.

அந்த ஏழு பேர்ல நடுவுல நிக்கிறவங்கதான் கவர். இன்னைக்கு அவங்க கதை.

4/
கபடி தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஆளுக்குப் பாதி. எதிரணி ரெய்டர் 30 விநாடிக்குள்ள வந்து, தொட்டுட்டு, 'கபடி கபடி' பாட்டை விடாம திரும்பிப் போகணும்.

நடுக்கோட்டுல இருந்து 3.75 மீட்டர்ல ஒரு கோடு. அதைத் தாண்டாமலும் யாரையும் தொடாமலும் திரும்பினா ரெய்டர் அவுட். அதுக்கு 1 மீட்டர் பின்னாடி போனஸ் கோடு.

5/
பிடிக்கிற அணியில ரெண்டு ஓரத்துல, ஆழத்துல நிக்கிறவங்க கார்னர். இடது கார்னர், வலது கார்னர். அவங்களுக்குப் பக்கத்துல 'இன்'. நடுவுல சென்டர். அவருக்கு ரெண்டு பக்கமும் இடது கவர், வலது கவர். பக்கத்துப் பக்கத்து ஆளுங்க கையைக் கோத்துக்கிட்டு நகருவாங்க. அதுதான் செயின்.

கார்னர் வேலை கால். கணுக்காலைப் பிடிக்கிறது, தொடையைக் கட்டுறது. கவர் வேலை வழி. ரெய்டர் திரும்பிப் போற வழியை உடம்பால அடைக்கிறது (பிளாக்), இல்ல தோளால மோதி அவரைக் களத்துக்கு வெளியே அனுப்புறது (டேஷ்).

6/
இங்கதான் விஷயம் இருக்கு. கவர் எப்போ போகணும், எப்படிப் போகணும்ங்கிறதை கவர் மட்டும் முடிவு பண்றதில்ல. மூணு விஷயம் சேர்ந்து முடிவு பண்ணுது.

ஒண்ணு, பக்கத்துல கார்னர் யாரு.
ரெண்டு, களத்துல எத்தனை பேர் மிச்சம்.
மூணு, அந்தக் காலத்து விதி என்ன.

இந்த மூணும் மாறும்போதெல்லாம் கவரோட வேலையும் மாறியிருக்கு.

7/
பழைய காலத்துக்குப் போவோம். நம்ம ஊர்ல சடுகுடுன்னு ஆடினப்போ களத்து அளவு ஊருக்கு ஊர் வேற. ஆள் கணக்கும் வேற. அறுவடை முடிஞ்ச கழனியோ, ஏரிக்கரைத் திடலோ, இருக்கிற இடத்துல கோடு கிழிச்சா ஆட்டம். யார் எங்க நிக்கணும்னு எழுதி வெச்ச இலக்கணம் எதுவும் கிடையாது.

8/
இந்தியா முழுக்க மூணு வகை ஆட்டம் பிரபலம். பேரை வெச்சே புரிஞ்சுக்கலாம்.

அமர்: தொட்டாலும் ஆள் வெளியே போக மாட்டார். புள்ளி மட்டும் எதிரணிக்கு.
காமினி: அவுட் ஆனா அவுட்தான். தன் அணி எல்லாரும் காலியாகற வரைக்கும் திரும்ப வர முடியாது.
சஞ்சீவனி: நம்ம அணி ஒருத்தரை அவுட் ஆக்கினா, வெளியே போன நம்மாளு ஒருத்தர் உயிர் பெற்று உள்ளே வருவார்.

1950ல் அகில இந்திய கபடி சம்மேளனம் உருவாகி விதிகள் ஒழுங்குக்கு வந்தப்போ, அடிப்படையா நின்னது சஞ்சீவனி.

9/
இது ஏதோ புள்ளிக் கணக்கு சமாச்சாரம்னு தோணும். ஆனா கவரைப் பொறுத்தவரை அவர் தலையெழுத்தே இதுல இருக்கு.

அமர் ஆட்டத்துல வரிசை கடைசி வரை முழுசா இருக்கும். என் பக்கத்துல நிக்கிறவன் ஆட்டம் முடியிற வரை அங்கேயே நிப்பான். சஞ்சீவனியில அப்படி இல்ல. ஒரு நிமிஷம் ஏழு பேர், அடுத்த நிமிஷம் அஞ்சு, அப்புறம் மூணு, திரும்ப நாலு. ஒவ்வொரு தடவையும் செயின் அறுந்து புதுசாக் கோக்கணும்.

10/
ஏழு பேர் இருக்கும்போது போனஸ் கோடு உயிரோட இருக்கும் (ஆறு பேருக்குக் குறையாம இருந்தாத்தான் போனஸ் உண்டு). அந்த ஒரு புள்ளிக்கு ஆசைப்பட்டு ரெய்டர் ஓரமா, ஆழமா கால் வைப்பார். அதாவது கார்னர் வாயில தானா வந்து விழுவார். கார்னர் கணுக்காலைப் பிடிச்சதும் கவர் வழியை அடைச்சாப் போதும். கவர் இங்க ரெண்டாவது ஆள்.

11/
அஞ்சு பேரானதும் போனஸ் கிடையாது. ரெய்டருக்கு ஆழமா வர அவசியம் இல்ல. 3.75 மீட்டர் கோட்டைத் தாண்டிட்டு, நடுவுலேயே ஆடிட்டுப் போயிடலாம். அவர் கால் கார்னருக்கு எட்டாது. இப்போ முதல் ஆளாப் போக வேண்டியது கவர்.

மூணு பேரானா பெரும்பாலும் ரெண்டு ஓரத்துக்கும் ஆள் போக, நடுவுல ஒத்தை ஆள்தான். பிடிச்சா ரெண்டு புள்ளி (சூப்பர் டேக்கிள்). ஆனா அந்த ஒத்தை ஆள் ரெண்டு பக்கத்துக்கும் ஓடணும்.

ஒரே ஆள், ஒரே ஆட்டம், அரை மணி நேரத்துக்குள்ள மூணு வேற வேற உத்தியோகம்.

12/
1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டுல கபடி சேர்ந்தது. அன்னையிலிருந்து 2014 இன்ச்சான் வரைக்கும் ஆண்கள் பிரிவுல ஏழு தடவை, ஏழும் இந்தியாவுக்குத் தங்கம். அதுல 1994 ஹிரோஷிமா அணியில ஆடினவர்தான் நம்ம தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன்.

2014 இறுதிப் போட்டியில ஈரானை ஜெயிச்சது 27க்கு 25. வெறும் ரெண்டு புள்ளி. அப்பவே மணி அடிச்சாச்சு. நாமதான் கவனிக்கல.

13/
2018 ஜகார்த்தா. அரையிறுதியில ஈரான் 27, இந்தியா 18. ஏழு தங்கம் வாங்கின அணி இறுதிக்கே போகல. தென் கொரியாவை ஜெயிச்சு ஈரான் தங்கம் வாங்கிச்சு.

இந்தியா எடுத்த 18ஐப் பாருங்க. ரெய்டர்களுக்குப் பேர் போன அணி அது. நாற்பது நிமிஷத்துல 18தான் எடுக்க விட்டிருக்காங்க. அந்த ஈரானோட பலம் கார்னர்ல ஆரம்பிக்குது. பேர் ஃபசல் அத்ராச்சலி. இடது கார்னர்.

14/
அதே 2018ல் புரோ கபடி ஏலத்துல முதன்முதலா 1 கோடியைத் தொட்டவரும் இவர்தான். அந்த முதல் கோடி ஒரு ரெய்டருக்குப் போகல, ஒரு கார்னருக்குப் போச்சு. யூ மும்பா எடுத்தது.

சினிமாவுக்குத் தெரியாத உண்மை ஏலத்துல கையைத் தூக்குறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

15/
இப்போ இந்த இழையோட முக்கியமான உதாரணம். குஜராத் அணி.

2017ல் அவங்களுக்கு அது முதல் சீசன். கார்னர்ல ஃபசல் அத்ராச்சலி, அபோசர் மிகானி, ரெண்டு ஈரானியர்கள். நடுவுல சுனில் குமார், பர்வேஷ் பைன்ஸ்வால்னு ரெண்டு இளம் கவர்கள். ஓரத்துல அந்த மாதிரி கை இருந்தா கவருக்கு என்ன வேலை? ரெய்டர் நின்னதும் போய் மூடு. அவ்வளவுதான். முதல் சீசன்லயே இறுதிப் போட்டிக்குப் போனாங்க. பட்னாகிட்ட தோத்தாங்க.

16/
அடுத்த சீசன். ஃபசல் மும்பைக்கு. அபோசர் தெலுங்கு டைட்டன்ஸுக்கு. கார்னர் ரெண்டும் காலி.

"அவ்வளவுதான் குஜராத்"னு நினைச்சிருப்பீங்க. ஆனா அவங்க கவர் ஜோடியை விடல. ரெண்டு பேரும் ஏற்கெனவே ஒரு சீசன் பக்கத்துப் பக்கத்துல நின்னவங்க. ஒருத்தன் தோள் அசைஞ்சா இன்னொருத்தனுக்குப் புரியும். முன்னாடி ஓரத்தைச் சுத்திக் கட்டின பிடியை இப்போ நடுவைச் சுத்திக் கட்டினாங்க. முன்னாடி ரெண்டாவதாப் போனவங்க, இப்போ முதல்ல போனாங்க.

அந்த சீசனும் இறுதிப் போட்டிக்கு வந்தாங்க. 2019 ஜனவரியில பெங்களூருகிட்ட 38க்கு 33னு தோத்தாங்க.

17/
ரெண்டு சீசன், அதே ரெண்டு கவர். ஆனா வேலை வேற. அவங்க திறமை திடீர்னு மாறல. பக்கத்துல நின்னவங்க மாறினாங்க, அதுக்கேத்த மாதிரி திட்டம் மாறிச்சு. ஓரத்துல பலம் இல்லாதப்போ, அதைத் தெரிஞ்சுக்கிட்டு, ரெண்டு கவரையும் ஜோடியா முன்னாடி அனுப்பியிருக்காங்க.

அந்த 'ஜோடியா'ங்கிற வார்த்தையைப் பிடிச்சு வெச்சுக்குங்க. எங்க பையன் தனியாப் போனான்.

18/
இது கபடிக்கு மட்டும் உள்ள ரகசியம்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல ஹெல்மெட் போட்டு மோதிக்கிற ஃபுட்பால் பார்த்திருப்பீங்க. அதுலயும் இதே கதைதான்.

பந்தோட வர்றவங்களைத் தடுக்க முன்வரிசையில மலை மாதிரி மூணு பேரோ நாலு பேரோ நிப்பாங்க. அவங்களுக்குப் பின்னாடி நிக்கிறவர் பேர் லைன்பேக்கர். கிட்டத்தட்ட நம்ம கவர்.

19/
முன்வரிசை ஆளுக்கு ரெண்டு விதமா வேலை சொல்லலாம்.

ஒண்ணு: "நீ நின்ன இடத்துலயே நில்லு. உன் ஒருத்தனைத் தள்ள ரெண்டு பேர் வரட்டும்." அப்போ லைன்பேக்கர் மேல கை வைக்க ஆள் மிச்சம் இருக்காது. அவர் சுதந்திரமா ஓடிப் போய் பிடிப்பார்.

ரெண்டு: "இடுக்குல பாய்ஞ்சு முன்னாடி போ." அப்போ அவன் விட்டுட்டுப் போன ஓட்டையை அடைக்கிறது லைன்பேக்கர் பொறுப்பு. சுதந்திரம் போச்சு.

எந்த வேலைன்னு முடிவாகறது அவருக்கு முன்னாடி நிக்கிறவனாலயும் கோச்சோட திட்டத்தாலயும்தான்.

20/
2000ஆம் ஆண்டு சீசன்ல பால்டிமோர் ரேவன்ஸ்னு ஒரு அணி. 16 ஆட்டத்துல மொத்தமே 165 புள்ளிதான் விட்டுக் கொடுத்தாங்க. 16 ஆட்ட சீசன்ல அது சாதனை. சீசன் முடிவுல சூப்பர் பவுல் ஜெயிச்சாங்க. இறுதியாட்ட நாயகன் விருது லைன்பேக்கர் ரே லூயிஸுக்கு.

அவருக்கு முன்னாடி நின்னவங்க டோனி சிராகுசா, சாம் ஆடம்ஸ். ஆளுக்கு 150 கிலோவை ஒட்டின உடம்பு. எதிரணி ஆளுங்களைத் தாங்களே இழுத்து நிறுத்திக்கிட்டாங்க. ரே லூயிஸ் ஓடினார். அவர் பெரிய ஆட்டக்காரர், சந்தேகமே இல்ல. ஆனா அவர் ஓடின பாதையை ரெண்டு பேர் மூச்சு முட்டத் திறந்து வெச்சிருந்தாங்க.

21/
நம்ம ஊருக்குத் திரும்புவோம். தமிழ் தலைவாஸ் 2017ல் புரோ கபடிக்குள்ள வந்தாங்க. அஞ்சு வருஷம் பெருசா ஒண்ணும் நடக்கல. 2022ல் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தாங்க. அன்னைய தேதிக்கு அதுதான் லீக்கோட அதிகபட்ச விலை. (குஜராத் தோத்த அந்த இறுதிப் போட்டியில தனியா 22 புள்ளி எடுத்தவரும் இவர்தான்.)

முதல் ஆட்டம். பவன் ரெய்டுல அடிபடல. பிடிக்கப் போனப்போ முட்டியில அடி. சீசன் முழுக்க வெளியே.

22/
ஊரே தலையில கை வெச்சுது. ஆனா என்ன நடந்தது தெரியுமா? அந்த சீசன்லதான் தலைவாஸ் முதல் தடவையா அரையிறுதிக்குப் போனாங்க.

இளம் ரெய்டர்கள் தலையெடுத்தாங்க, உண்மை. ஆனா பின்னாடி ஒரு சுவர் இருந்தது. ஓரத்துல சாகர், சாஹில் குலியா. நடுவுல எம். அபிஷேக், மோகித். ரெண்டு கார்னர், ரெண்டு கவர். யார் முதல்ல, யார் ரெண்டாவதுன்னு பழகின நாலு பேர். 2.26 கோடி போன இடத்தை இந்த வரிசை தாங்கிப் பிடிச்சது.

23/
கார்னர் பத்திப் பேசிட்டு நம்ம தர்மராஜ் சேரலாதனைச் சொல்லாம விட்டா பாவம். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். வலது கார்னர். கபடி உலகமே 'அண்ணா'ன்னு கூப்பிடும். 2016ல் பட்னாவுக்குக் கேப்டனா இருந்து கோப்பை வாங்கினவர். அதே வருஷம் உலகக் கோப்பை ஜெயிச்ச இந்திய அணியிலயும் இருந்தார். நாற்பது வயசைத் தாண்டியும் லீக்ல ஆடினார்.

ஒரு டாக்டரா நான் வியக்கிறது அந்த வயசைத்தான். எப்போ போகக் கூடாதுன்னு தெரிஞ்சவங்க உடம்புதான் அத்தனை வருஷம் தாங்கும்.

24/
சரி, இப்போ என் டியூட்டி ரூமுக்கு வாங்க. அந்தப் பையன் தோள் ஏன் விலகிச்சு?

தோள் மூட்டுங்கிறது ஒரு சின்னத் தட்டு மேல பெரிய பந்து வெச்ச மாதிரி. கையை எல்லாப் பக்கமும் சுத்த முடியுதே, அந்தச் சுதந்திரத்துக்கு நாம கொடுக்கிற விலை அது. கை பக்கவாட்டுல விரிஞ்சு, பின்பக்கமாத் திரும்பியிருக்கும்போது வேகமா ஒரு இழுப்பு வந்தா, பந்து முன்பக்கமா நழுவிடும்.

செயின் பிடிச்ச கையோட ஒரு கவர் பாய்ஞ்சு, பக்கத்து ஆள் கூட வராம அங்கேயே நின்னா, அந்தக் கை எந்த நிலையில இருக்கும்? யோசிச்சுப் பாருங்க. அச்சு அசலா அதே நிலை.

25/
டேஷும் அப்படித்தான். கார்னர் காலைப் பிடிச்சு வேகத்தைக் குறைச்ச ரெய்டர் மேல மோதுறது ஒண்ணு. முழு வேகத்துல ஓடி வர்றவர் மேல தனியா மோதுறது வேற. அந்த வேகம் எல்லாம் ஒரே தோள்ல, ஒரே முட்டியில, சில சமயம் கழுத்துல இறங்குது. ரெண்டு மூணு பேர் பகிர வேண்டிய பாரத்தை ஒருத்தன் உடம்பு வாங்குது.

அதுக்கப்புறம் அடிபட்டு வர்றவங்ககிட்ட நான் கேக்குற ரெண்டாவது கேள்வியே "நீ எந்த இடத்துல ஆடுறே?"தான். இது ஆய்வு இல்ல, என் ஓபி அனுபவம் மட்டும்தான். ஆனா "தனியாப் போயிட்டேன் சார்"ங்கிற பதில் திரும்பத் திரும்ப வருது.

26/
ஏன் நம்ம பசங்க தனியாப் போறாங்க? டிவியில பார்த்துதான் ஆட்டம் கத்துக்குறாங்க. டிவி ரீப்ளேல தெரியறது கவரோட டேஷ் மட்டும்தான். அதுக்கு அரை விநாடி முன்னாடி கார்னர் ஒரு அடி எடுத்து வெச்சு ரெய்டரைத் திருப்பி விட்டது தெரியறதில்ல. ஸ்கோர்போர்டுலயும் பிடிச்சவர்னு ஒரு பேர்தான் வருது.

பையன் டேஷைக் கத்துக்கிட்டான். அந்த அரை விநாடியை யாரும் அவனுக்குச் சொல்லித் தரல.

27/
அதனால ஊர் டீம் அண்ணன்களுக்கு என் வேண்டுகோள்.

வாரத்துல ஒரு நாள் ரெய்டே இல்லாம செயின் மட்டும் பழகுங்க. ஏழு பேர், அஞ்சு பேர், மூணு பேர்னு ஆள் குறைச்சு ஆடுங்க. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் யார் முதல்ல போறதுன்னு பேசி வைங்க. கார்னர் போனாத்தான் கவர். கவர் முதல்ல போற நேரத்துல கூட ஒருத்தர் போயே ஆகணும். வெறுங்கையா திரும்பிப் போற ரெய்டரை விட்டுடலாம். புள்ளி அடுத்த ரெய்டுல வரும்.

28/
டோர்னமெண்ட் நடத்துறவங்களுக்கு:

தோள் விலகினா களத்துலயே யாரும் இழுத்துப் போட வேண்டாம். கூட எலும்பு முறிவு இருக்கலாம், நரம்பு மாட்டலாம். இருக்கிற நிலையிலயே துண்டால கட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. மயக்க மருந்து தேவைப்படலாம், சாப்பிட எதுவும் கொடுக்காதீங்க.

கழுத்துல அடின்னா தூக்கி உட்கார வைக்காதீங்க. அசைக்காம 108க்குக் கூப்பிடுங்க.

கீழே விழுந்தவர் கூப்பிட்டா பதில் இல்லை, சரியா மூச்சும் இல்லைன்னா, தண்ணி தெளிச்சுட்டு நிக்காதீங்க. 108க்குச் சொல்லிட்டு உடனே நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வெச்சு அழுத்த ஆரம்பிங்க. நிமிஷத்துக்கு 100லிருந்து 120 தடவை, அஞ்சு சென்டிமீட்டர் ஆழம், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும். 2022ல் கடலூர் மாவட்டத்துல ஆட்டத்துக்கு நடுவுல சரிஞ்சு விழுந்து ஒரு இளைஞர் இறந்தார். அந்த வீடியோவை நாம எல்லாரும் பார்த்தோம். பார்த்ததோட நிறுத்திடக் கூடாது.

29/
நம்ம பையன் விஷயம். மூணு வாரம் ஸ்லிங், அப்புறம் பிசியோதெரபின்னு சொல்லியிருந்தேன். சின்ன வயசுல ஒரு தடவை விலகின தோள் மறுபடி விலக வாய்ப்பு அதிகம். அதனால அவசரப்பட்டு களத்துல இறங்காதேன்னு கண்டிப்பாச் சொன்னேன்.

ரெவ்யூவுக்கு வந்தப்போ கூட ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தான். ஒல்லியா, கூச்சமா வாசல்லயே நின்னான்.

"இவன்தான் சார் கார்னர்."

30/
அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னான். "பயந்துட்டேன் சார். முந்தின ரெய்டுல முகத்துல உதை வாங்கினேன்."

எனக்குத் திட்டத் தோணல. கணுக்காலைப் பிடிக்கப் பாயற பையன் முகம் எங்க இருக்கும்? ரெய்டர் காலுக்கு நேரா. அவன் பயமும் நியாயம்தான். அவனுக்கும் யாரும் தலையை எந்தப் பக்கம் வெக்கணும்னு சொல்லித் தரல.

ரெண்டு பேரையும் உட்கார வெச்சு, ஓபி சீட்டுப் பின்னாடி கோடு போட்டு, குஜராத் கதையைச் சொன்னேன். வெளியே நிறைய பேர் காத்துக்கிட்டு இருந்தாங்க. அதனால அஞ்சு நிமிஷம்தான்.

31/
கிளம்பும்போது கார்னர் பையன் கேட்டான். "அப்போ சார், இவன் தோள் போனதுக்கு நான்தான் காரணமா?"

இல்லப்பா. ஏழு பேர் சேர்ந்து ஆட வேண்டிய ஆட்டத்தை ஏழு பேருக்கும் சேர்த்துக் கத்துக்கொடுக்க ஆள் இல்லாததுதான் காரணம். அடுத்த வருஷம் நீ ஒரு அடி முன்னாடி வா. அவன் உனக்காக அரை விநாடி காத்திருக்கட்டும்.

கபடியில் கவரோட மொத்த வரலாறும் அந்த ஒரு அடிக்கும் அரை விநாடிக்கும் நடுவுலதான் இருக்கு.

உங்க ஊர் டீம்ல கவர் ஆடுற தம்பி, கார்னர் ஆடுற தம்பி, ரெண்டு பேருக்கும் சேர்த்தே அனுப்புங்க. ஒருத்தருக்கு மட்டும் அனுப்பிப் பிரயோஜனம் இல்ல.